சைக்கிள் கடைக்காரரை நான் நீதிபதி ஆக்கினேன்

ஒரு மனிதருடைய பெயருக்கு முன்னால் 'ஜட்ஜ்' என்று எழுதியிருந்தால் அவர் நீதிபதியாகத்தான் இருப்பார் என்று நான் நம்பினேன். இதில் என்ன முட்டாள்தனம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பலமுறை அதையே கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வேர்வைதான் வந்தது.

பத்திரங்களைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் இருபத்தாறு வருடம் பாரிசில் குப்பை கொட்டிவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். வயது அறுபத்துமூன்று. நடு வயது என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். எதற்கும் எதற்கும் நடு என்று மனைவி கேட்கிறாள். அந்தக் கணக்கில் நான் இறங்குவதில்லை.

நான் வேலை செய்த பணியகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னைக் கண்டால் தேநீர்க் கடைக்குள் இழுத்துவிடுவார்கள். "அண்ணை, நாங்கள் இப்ப முதல் மொழிபெயர்க்கிற மிசினிலை போட்டு எடுத்திட்டுத்தான் திருத்திறம். நீங்கள் அந்த நாளிலை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டார்கள். நான் ஒரே ஒரு வரியைச் சொல்லி, மிசினில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: தகப்பனின் பெயர், ஜட்ஜ் மெல்வூட் கந்தையா. மிசின் ஒரு நொடியும் யோசிக்காமல் கந்தையரை நீதிபதி ஆக்கியது. எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி முடியாது. நான் செய்தபோது அரை மணித்தியாலம் யோசித்தல்லவா செய்தேன். பிள்ளைகள் கதையைக் கேட்டார்கள். சொல்லத் தொடங்கியதில் தேநீர் ஆறியதுதான் மிச்சம், கதை முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளன் ஆன விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், நீட்டும் அளவுக்கு அதில் பெருமை இல்லை. எட்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். கூடக் கழுவியவர்களுக்கு வந்த கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்தினேன். கடிதங்கள் கூடின, கோப்பைகளும் குவிந்தன, முதலாளி என்னை அனுப்பிவிட்டார். பிறகு மாலை வகுப்பு, பரீட்சை, விண்ணப்பம், கடைசியில் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். வலக்கையை உயர்த்தி 'சத்தியம் செய்கிறேன்' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். நான் கையை உயர்த்தி 'மெர்சி' என்றேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, நன்றியைப் பிறகு சொல்லலாம், முதலில் சத்தியம் என்றார். என் வாழ்நாளில் நான் நேரில் பேசிய ஒரே உண்மையான நீதிபதி அவர்தான். இதை ஞாபகத்தில் வைத்திருந்தால், பிறகு தாளில் வந்த மற்ற நீதிபதியைக் கொஞ்சம் சந்தேகித்திருப்பேன்.

பணியகம் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. எங்கள் மொழிபெயர்ப்புகளில் எல்லாம் கறிவேப்பிலை வாசம் இருக்கும் என்று பிரெபெக்சர் என்ற அரசாங்க அலுவலகத்தில் ஒரு பெண் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதை நடத்தியவர் மதாம் செலின். புதுச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் செய்து கொடுப்பதை மூலப்பத்திரத்தோடு பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். பிழை கண்டால் ஒன்றும் பேசமாட்டார். பேனையை மூடியால் மூடுவார். 'டிக்' என்று ஒரு சத்தம். மூடிய பேனையைத் தாளுக்கு நேராகப் படுக்க வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் காத்திருப்பார். என்ன பிழை என்பதை நாங்களாகக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். சிலவேளை பதற்றத்தில், அவர் காணாத வேறு இரண்டு பிழைகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய முறை இது. முதலில் எழுத்தைப் பார்க்கக்கூடாது, தாளைப் பார்க்கவேண்டும்: எத்தனை பக்கம், எங்கே முத்திரை, எங்கே வெட்டித் திருத்தியிருக்கிறது, எங்கே தண்ணீர் பட்டிருக்கிறது. இரண்டாவது, கட்டம் கட்டமாக மொழிபெயர்ப்பு. மூன்றாவது, பெயர்களை மட்டும் எழுத்தெழுத்தாகப் பின்னாலிருந்து முன்னுக்கு வாசிப்பது. பின்னாலிருந்து வாசித்தால் பெயருக்கு அர்த்தம் இராது, அர்த்தம் இல்லாவிட்டால் கண் ஏமாறாது. பிறகு பதிவு இலக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசியில் வட்ட முத்திரை. வாசிக்க முடியாத இடம் வந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் 'வாசிக்க முடியவில்லை' என்று எழுதவேண்டும். ஊகிக்கக் கூடாது. நான் ஆரம்பத்தில் இந்த அடைப்புக்குறியைப் போடக் கூச்சப்பட்டேன், என் கண்ணுக்கு ஏதோ கோளாறு என்று நினைப்பார்களே என்று.

"முசியே, அதுக்கு வெக்கப்படாதீங்க," என்றார் மதாம் செலின். "தெரியலன்னு சொல்றதுக்கும் சேத்துத்தான் நமக்கு முத்திரை குடுத்திருக்காங்க."

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் அந்த வேலையைச் செய்தேன்.

யோகராசா லா சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் ஒற்றை அறையில் இருந்தான். உணவகம் ஒன்றில் சமையல். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன், அதனால் ஊருக்குப் போகமுடியாது. ஊரில், இலங்கையின் பண்டத்தரிப்பில், தகப்பன் தனியாக இருந்தார். எண்பத்துநாலு வயது. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டு இருபத்துநாலு வருடம். மகன் போகமுடியாது என்றால் தகப்பன் வரவேண்டும். தகப்பனுக்கு விசா எடுக்க, தான் அவருடைய மகன் என்று காட்டவேண்டும். அதற்காகத்தான் தன் பிறப்புச் சான்றிதழை என்னிடம் கொண்டுவந்தான்.

பழைய கையெழுத்துப் பிரதி. தகப்பனின் பெயர் என்ற கட்டத்தில் 'ஜட்ஜ் மெல்வூட் கந்தையா' என்று தெளிவாக இருந்தது. கீழே தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் தண்ணீர் பட்டு, மை பரவி, ஒரு நீலக் குளம். நான் குளத்தைப் பார்த்தேன். மேலே ஜட்ஜைப் பார்த்தேன். எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பதிவாளர் மரியாதைக்காகத் தொழிலைப் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த ஜட்ஜைப் பெயரிலிருந்து மெதுவாகத் தூக்கி, கீழே தொழில் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். பெயர்: மெல்வூட் கந்தையா. தொழில்: 'மஜிஸ்த்ரா', அதாவது நீதிபதி. அடைப்புக்குறி இல்லாமல் எவ்வளவு துப்பரவாக இருந்தது. அந்த வாரம் மதாம் செலின் விடுமுறையில் இருந்தார். நானே சரிபார்த்து, நானே முத்திரை குத்தினேன். போதாததற்கு, பெரிய இடத்துப் பிள்ளை என்று யோகராசாவுக்குக் கதிரையையும் இழுத்துப் போட்டேன்.

நாலு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

"அண்ணை, அப்பாவுக்கு விசா குடுக்கேலாது எண்டு ரெஃப்யூ பண்ணிப்போட்டாங்கள்."

"என்ன காரணமாம்?"

"அவர் என்ரை அப்பா இல்லையாம்."

கடிதத்தை வாங்கி வாசித்தேன். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பின்படி தகப்பனின் பெயர் மெல்வூட் கந்தையா, தொழில் நீதிபதி. விசா கேட்டவரின் கடவுச்சீட்டில் பெயர் ஜட்ஜ் மெல்வூட் கந்தையா, விண்ணப்பத்தில் தொழில் சைக்கிள் திருத்துபவர், இளைப்பாறியவர். இருவரும் ஒரே ஆள் என்பது நிறுவப்படவில்லை. முறையிட ஒரு மாதம் அவகாசம்.

கடிதத்தை இன்னொருமுறை மேலிருந்து வாசித்தேன்.

"தம்பி, கொப்பர் நீதிபதி இல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"பேரிலை ஜட்ஜ் எண்டு கிடக்கே."

"அது பேர் அண்ணை."

"பேரோ?"

"ஓம். என்ரை பேர் யோகராசா. அதுக்காக நான் என்ன ராசாவோ? காலமை துவக்கம் வெங்காயம் வெட்டிப்போட்டு வாறன்."

நான் கடைசி முயற்சியாகப் பழியை அவன் பக்கம் தள்ளிப் பார்த்தேன். "அப்ப நீர் மொழிபெயர்ப்பை வாங்கேக்கை வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். மஜிஸ்த்ரா எண்டு கிடந்தது. மகசான் எண்டால் கடைதானே, அது மாதிரி ஏதோ எண்டு நினைச்சன். சைக்கிள் கடை வைச்சிருந்தவர் எண்டு வடிவாய்த்தான் போட்டிருக்கிறியள் எண்டு சந்தோசப்பட்டனான்."

பேனை கீழே விழுந்தது. அதை எடுக்க மேசைக்குக் கீழே குனிந்தவன், எழுந்திருக்கும் நேரத்தை இயன்றவரை பின்போட்டேன். அங்கிருந்து அவனுடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. அந்தச் சப்பாத்துகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து, "ஒண்டுக்கும் யோசியாதையும், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

அன்று வீட்டுக்குப் போக ரயில் ஏறியவன் லா கூர்னெவில் இறங்கினேன். என் வீடு அதற்கு எதிர்த்திசையில். முத்திரையைப் பறிப்பார்கள், பெயரை நீதிமன்றப் பட்டியலிலிருந்து வெட்டுவார்கள், லா சப்பலில் என்னைக் கண்டவர்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறுவார்கள் என்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டு போனேன். திரும்பி வரும் ரயிலில்தான் அந்த அருமையான யோசனை வந்தது. ஜட்ஜ் என்பது எப்படி ஒரு மனிதரின் பெயராக வந்தது என்பதை ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தால், பிழை என்னுடையது என்று சொல்லவே தேவையில்லை. வரலாற்றின் தலையில் கட்டிவிடலாம். மதாம் செலினுக்கும் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த நாள் கந்தையருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஐயா, உங்களுக்கு ஏன் ஜட்ஜ் எண்டு பேர் வைச்சவை?"

"எங்கடை அப்புவுக்கும் உதுதான் பேர். அவற்றை தேப்பனுக்கும் உதுதான்."

"முதல் முதல் ஆருக்கு வைச்சது?"

"பாதிரிமாற்றை பள்ளிக்கூடத்திலை தங்கிப் படிச்ச ஒருத்தருக்கு. அந்தக் காலத்திலை அமெரிக்காவிலை ஆராவது ஒரு பெரியவர் ஒரு பொடியன்ரை படிப்பைப் பொறுப்பெடுத்தால், அந்தப் பெரியவற்றை பேரைப் பொடியனுக்கு வைச்சிடுவினம். எங்கடை ஆள் படிச்சு முடிய, திருநீறைப் பூசிக்கொண்டு வீட்டை வந்திட்டார். பேரை மட்டும் திருப்பிக் குடுக்கேல்லை."

"ஊரிலை என்னெண்டு கூப்பிடுவினம்?"

"ஜட்ஜையா எண்டுவினம். வீட்டுக்குப் பேர் மேல்வீடு. மெல்வூட் எண்டு சொல்ல வாய் வராமல் அப்பிடி ஆக்கிப்போட்டினம். மழை பெய்தால் ஊரிலை முதல் வெள்ளம் ஏறுறது மேல்வீட்டுக்குத்தான்."

"ஆரும் வழக்குத் தீர்க்க வாறவையோ?"

"பகிடிக்கு வருவினம். நான் குடுத்த தீர்ப்பு எல்லாம் ஒண்டுதான். ரியூப்பை மாத்து."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, உந்த விசா வருமோ? வலக்கண் முடிஞ்சுது. ரெலிபோன் படத்திலை எனக்கு எல்லாம் நிழல்தான். ஆளைக் கிட்ட வைச்சுப் பாத்தால் இடக்கண்ணாலை இன்னும் முகம் தெரியுது. வாற வருசம் எண்டால் குரலைத்தான் கேக்கலாம். அதுக்கு ஏன் பிளேன் ஏறுவான், இஞ்சை இருந்தே கேக்கலாமே."

வரும் என்றேன். ஏற்கெனவே சொன்ன பொய்யோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

மெல்வூட் என்ற பெயரைத் தேடிக்கொண்டு போனதில், அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சின்ன ஆற்றங்கரை ஊர் அகப்பட்டது. ஊர்க்காரர்களே நடத்தும் ஒரு அறை அருங்காட்சியகம். அங்கே 'நீதிபதி மெல்வூட்டின் கோடரி' என்று ஒரு படம். கடிதம் எழுதினேன். பதில் வருவதற்குள் எனக்கு வேறு பைத்தியம் பிடித்துவிட்டது. பெயர் வந்திருக்கிறது என்றால் இரத்தமும் வந்திருக்காதா? அப்படியானால் காணி? இதைச் சலூனில் தலைமயிர் வெட்டும்போது யோசனையில்லாமல் சொல்லிவிட்டேன். பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியைத் தாண்டி அது போய்ச் சேர ஒரு மணித்தியாலம் எடுத்திருக்காது. யோகராசா கோபமாக ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, எனக்கு அமெரிக்காவிலை ஆறும் மலையும் இருக்காம், சமையலறையிலை கதைக்கிறாங்கள். பாத்திரம் கழுவிற பொடியன் என்னை ஐயா எண்டுறான். விசாவுக்கு என்ன நடக்குது?"

கந்தையரிடம் இரத்தத்தைப் பற்றி நாசூக்காகக் கேட்டேன். "எங்கடை பரம்பரையிலை எல்லாரும் கறுப்பு, அதிலை நான் தலைவர்," என்றார். அத்தோடு காணி போனது.

நாலாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் டொரத்தி என்ற எண்பது வயதுப் பெண்மணி, அந்த நீதிபதியின் வழித்தோன்றல். முப்பத்தெட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வாசிக்கத் தொடங்கியவன் சாப்பாட்டை மறந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

எலைஜா மெல்வூட், அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாகி இன்னும் மை காயாத காலத்தில், அந்த ஆற்று வளைவில் காடு வெட்டிக் குடியேறியவர். வெட்டிய காட்டைவிட அங்கே முன்பே இருந்த 'பழைய வயல்கள்' அதிகம் என்று ஒரு வரி இருந்தது. யாருடைய பழைய வயல்கள் என்று அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை. மதாம் செலின் என்றால் அந்த இடத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டிருப்பார். மரம் அறுக்கும் ஆலை, மா அரைக்கும் ஆலை, கண்ணுக்கு எட்டிய தூரம் காணி. சட்டம் ஒருநாளும் படித்ததில்லை. காணி உள்ளவரை நீதிபதி ஆக்கினார்கள், ஆனார். கோடையில் வைக்கோல் கொட்டிலில் நீதிமன்றம், குளிர்காலத்தில் வீட்டுக் குசினியில். வழக்காளிகள் சப்பாத்தைத் துடைக்காமல் உள்ளே வந்தால் அவருடைய மனைவி அபிகேயில் வழக்கையே தொடங்க விடமாட்டாராம்.

பதினொரு பிள்ளைகள். இரண்டாவது மகன், பக்கத்து விதவைப் பெண்ணின் புல்வெளிக்குள் வேலியை நகர்த்திப் போட்டுவிட்டான். அவள் வழக்கு வைத்தாள். நீதிபதி தன் மகனை மற்றவர்களோடு வரிசையில் நிற்க வைத்து, முறை வந்தபோது, பெயர் என்ன என்று கேட்டாராம். பெயரைச் சொல்ல வைத்தாராம். வேலியைப் பழைய இடத்தில் நட்டு, அந்த வருடப் புல்லையும் வெட்டி அவளுடைய கொட்டிலில் ஏற்று என்பது தீர்ப்பு. மகன் மூன்று வருடம் தகப்பனோடு கதைக்கவில்லை. நீதிபதி ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் அவனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து இருந்தாராம், ஒன்றும் பேசாமல். இதை அன்றே கந்தையருக்கு ரெலிபோனில் சொன்னேன்.

ஆனால் எனக்கு வேண்டியது அபிகேயில் அம்மாவின் கடிதத்தில்தான் இருந்தது. அவர் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சாப்பாட்டு மேசையிலும், கடிதங்களிலும், செபத்தில் கடவுளிடம் முறையிடும்போதும், எல்லா இடத்திலும் 'ஜட்ஜ்' மட்டும்தான். கடைசிப் பையன் காய்ச்சலில் செத்த வருடம், இலங்கையில் உள்ள பிள்ளைகளைப் பற்றித் தேவாலயத்தில் சொல்லக் கேட்டு, ஒரு பையனின் படிப்பைப் பொறுப்பேற்றிருக்கிறார். பாதிரிமாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி: பையனுக்கு ஜட்ஜின் பெயரை வையுங்கள். அங்கே எழுதியவர் அப்படியே எழுதிவிட்டார். ஜட்ஜ் மெல்வூட்.

எங்கள் அம்மாவும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இஞ்சாருங்கோ' என்பதுதான் அப்பாவின் பெயர் என்று நான் ஐந்து வயது வரை நம்பியிருந்தேன். அம்மா அமெரிக்காவில் ஒரு பையனின் படிப்பைப் பொறுப்பேற்றிருந்தால், அங்கே இன்றைக்கும் ஓர் இஞ்சாருங்கோ ஸ்மித் கடை வைத்திருப்பார்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. நான் செய்த பிழையை இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் தலைகீழாகச் செய்திருக்கிறார். அவர் தொழிலைப் பெயர் ஆக்கினார், நான் பெயரைத் தொழில் ஆக்கினேன்.

கடைசிப் பக்கம் குடும்ப வேதாகமத்தின் முன் தாள். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக. பதினொன்றுக்குக் கீழே, அபிகேயிலின் கையெழுத்தில், பன்னிரண்டாவதாக: ஜட்ஜ் மெல்வூட், இலங்கை. டொரத்தி அதன் கீழ் ஒரு வரி எழுதியிருந்தார். பதினொரு பேருக்கும் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும், பன்னிரண்டாமவருக்கு என்ன ஆனது என்று மட்டும் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா?

இதற்குள் மூன்று கிழமை ஓடிவிட்டது. நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் வைத்து, நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு டொசியே, அதாவது கோப்பு, கட்டினேன். கட்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. முறையீட்டோடு போகும் மொழிபெயர்ப்பு எதையும் மதாம் செலின் பார்க்காமல் அனுப்ப முடியாது. ஒன்பது நாள் மிச்சம் இருக்கும்போது அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் முழுவதையும் வாசித்தார். அபிகேயில் அம்மா சப்பாத்தைத் துடைக்கச் சொன்ன இடத்தில் சிரித்தார். வேலி வழக்கை இரண்டாம் முறை வாசித்தார். எனக்கு உயிர் வந்தது. பிறகு 'டிக்'. பேனை படுத்தது.

"ரொம்ப அழகா இருக்கு முசியே. புத்தகமாவே போடலாம். தொழில் கட்டத்துல என்னா எழுதியிருந்துது?"

"தண்ணி பட்டிருந்தது மதாம்."

"உங்களால வாசிக்க முடிஞ்சுதா?"

"இல்லை."

"நீங்க என்னா எழுதினீங்க?"

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அது உதவவில்லை. "மஜிஸ்த்ரா," என்றேன்.

"அந்த அம்மா எழுதினதுக்கு நீங்க பொறுப்பில்ல. பாதிரியார் எழுதினதுக்கும் பொறுப்பில்ல. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பொறுப்பு. ஒரு பக்கம் போதும். தப்பு என்னோடதுன்னு எழுதி, சரியானத எழுதி, முத்திரை போடுங்க." நாற்பத்தொரு பக்கத்தையும் எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "அந்தப் பையன்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"முத்திரையைப் பறிச்சால், மதாம்?"

"பறிச்சா என்னா? சைக்கிள் கடை வைங்க. தொழில் என்னான்னு அப்பவாவது சரியா எழுதுவீங்க."

யோகராசாவை ஸ்டாலின்கிராட்டில், கால்வாய்க்கரை மர வாங்கில் சந்தித்தேன். மத்தியானச் சமையல் முடிந்து வந்திருந்தான், கையில் உள்ளி மணம். மூன்று கிழமையாக ஒத்திகை பார்த்த பகிடிகள் ஒன்றும் வாயில் வரவில்லை. பிழை என்னுடையது, அன்று நீர் கடிதத்தோடு வந்தபோதே எனக்குத் தெரியும் என்றேன்.

"முதல் நாளே தெரியுமோ?"

"ஓம்."

"மூண்டு கிழமை அண்ணை."

"ஓம்."

அவன் எழுந்து தண்ணீர் ஓரம் வரை போனான். நான் வாங்கில் இருந்து, அவன் திட்டக்கூடிய சொற்களை எல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொழில் விடாது. அவன் திரும்பி வந்தான்.

"அப்பாவிட்டை உதைச் சொல்லிப்போடாதேங்கோ. அவருக்கு உங்களை நல்லாப் பிடிச்சுப்போச்சு. நேற்றும் கேட்டவர், அந்த நீதிபதியின்ரை மகன் பிறகு தேப்பனோடை கதைச்சவனோ எண்டு."

"மூண்டு வருசத்துக்குப் பிறகு கதைச்சவன்."

"சரி. பேனை இருக்கோ? இப்ப எழுதுங்கோ. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

முழங்காலில் வைத்து எழுதினேன். தகப்பனின் பெயர்: ஜட்ஜ் மெல்வூட் கந்தையா. இதில் ஜட்ஜ் என்பது பெயரின் பகுதி. தொழில்: அடைப்புக்குறிக்குள், வாசிக்க முடியவில்லை. முந்திய மொழிபெயர்ப்பில் உள்ள பிழை என்னுடையது. அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டான். 'பிழை' என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் கேட்டான். அது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் என்று எனக்குச் சந்தேகம்.

அன்றே அதைத் தட்டச்சுச் செய்து முத்திரை குத்தினேன். டொரத்திக்கும் பதில் எழுதினேன்: உங்கள் பன்னிரண்டாமவர் படித்தார், ஊருக்குத் திரும்பினார், கலியாணம் கட்டினார், அவருடைய வழியில் வந்தவர் பண்டத்தரிப்பில் ஐம்பது வருடம் சைக்கிள் திருத்தினார்.

முறையீடு கடைசித் திகதிக்கு ஐந்து நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. ஏழு கிழமையில் விசா வந்தது. நீதிமன்றத்திலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. கந்தையர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கினார், விமான நிலையத்து ஆள் ஒருவர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். யோகராசா கம்பித் தடுப்பில் சாய்ந்து, வருகிறவர்களின் தலைகளுக்கு மேலால் தேடிக்கொண்டிருந்தான். மகனை முதலில் கண்டது தகப்பன்தான்.